கடைமடைக்கு வந்த தண்ணீர்

"அம்மா, நாளைக்கு மதகுப் பூட்டை உடைக்கப் போறமுங்க. உங்க ஆசீர்வாதம் வேணும்."

நாச்சிமுத்து இதை நின்றுகொண்டே சொன்னார். மடத்துக்கு வந்தால் கை கால் கழுவி, கொஞ்ச நேரம் கண்மூடி உட்கார்ந்து, அப்புறம்தான் வாயைத் திறப்பார். அன்று செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. ஒன்று வாசலிலும் ஒன்று படியிலும் கிடந்தது.

அம்மை உரித்துக்கொண்டிருந்த அவரைக்காயை முறத்தில் வைத்தார்.

"எந்த மதகு?"

"நம்ம மூங்கிலாத்து அணை மதகுதானுங்க."

"உடைச்சு?"

"தண்ணியத் திறந்து விடுவோம். வேற என்னங்க?"

அம்மை வயதில் நாச்சிமுத்துவைவிட மிகவும் இளையவர். நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தவர். ஒருநாள் அதை விட்டுவிட்டு, அணையின் நீர்த்தேக்கக் கரையில் இருந்த இந்தச் சின்ன மடத்துக்கு வந்தார். அப்போது இருந்த சாமியாருக்குக் கடைசிவரை பணிவிடை செய்தார். அவர் போன பிறகு இவரே தங்கிவிட்டார். சிவகாமி என்ற பெயர் யாருக்கும் நினைவில்லை. எல்லாருக்கும் அம்மைதான்.

மனைவி தெய்வாத்தாள் இறந்தபின் நாச்சிமுத்துவுக்குத் தூக்கம் போயிற்று. யாரோ சொல்லி இங்கே வந்தார். "உட்காருங்க" என்று மட்டும்தான் அம்மை சொன்னார். உட்கார்ந்தார். அன்றிலிருந்து சீடர்.

இன்றைக்கு அந்தச் சீடர் கடைமடை விவசாயிகள் சங்கத்தின் தலைவராக வந்து நின்றார்.

"தண்ணி கண்ணு முன்னால நிக்குதுங்கம்மா. திறங்கன்னா திறக்க மாட்டேங்கறாங்க. கேட்டா, டவுனுக்குக் குடிக்க வேணுமாம். அது பரவாயில்லீங்க, மனுசன் குடிக்கறான். யானைக்கும் வேணுமாம், முதலைக்கும் வேணுமாம். என்ற தென்னை அத்தனையும் மண்டை சாஞ்சு நிக்குது. யானைக்கு அப்புறந்தான் நானுங்களா?"

"தென்னை யாரு வெச்சது?"

"நானும் தெய்வாத்தாளும் வெச்சதுங்க."

அதைச் சொன்னதும் அவர் குரல் இறங்கிவிட்டது.

அம்மை முறத்தை ஓரமாக நகர்த்தினார்.

"ஆசீர்வாதம் பண்றதுக்கு என்ன, பண்ணிரலாம். ஆனா தண்ணி என்னோடது இல்லையே, அண்ணா."

"வேற யாரோடதுங்க?"

"சாயங்காலம் குடிக்க வருவாங்க. அவங்களைக் கேட்டுட்டு வாங்க."

"யாரு வருவாங்க?"

"யாரு வர்றாங்களோ அவங்க. சரின்னு சொல்லிட்டாங்கன்னா, நாளைக்கு நானும் உங்ககூட வர்றேன். கடப்பாரையை நானே தூக்கிட்டு வர்றேன்."

விளையாட்டாகச் சொல்கிறாரா என்று நாச்சிமுத்து அவர் முகத்தைப் பார்த்தார். அம்மை அவரைக்காயை மறுபடி கையில் எடுத்துவிட்டார்.

நாச்சிமுத்து கோபத்தோடு கிளம்பினார். கோபத்தில் செருப்பையும் மாட்டவில்லை.

•

நீர்த்தேக்கம் நடுவே சுருங்கிக் கிடந்தது. முன்பு அலையடித்த இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மலை மட்டும் அப்படியே நின்றது. மேகம் இல்லை.

கரையோரத்தில் ஒரு பெண் பரிசலைக் கவிழ்த்துப்போட்டு வலையை உதறிக்கொண்டிருந்தாள்.

முதல் ஆள் இவள்தான் என்று நாச்சிமுத்து முடிவுசெய்தார்.

"ஏம்மா, நாளைக்கு இந்தத் தண்ணியத் திறந்து விடப்போறோம். உனக்குச் சம்மதமா?"

அவள் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"என்னையவா கேக்கறீங்க? இத்தன வருசத்துல யாரும் கேட்டதில்லீங்களே."

"இப்பக் கேக்கறேன்."

"திறந்தா மீனு போயிரும். மீனு போனா நானும் போகோணும். எங்க போறதுன்னும் நீங்களே சொல்லிருங்க."

அவள் பரிசலை நிமிர்த்தித் தண்ணீரில் தள்ளினாள்.

"உள்ள இறங்காதீங்க. மேல காஞ்ச மாதிரி இருக்கும், அடியில சேறு."

சொல்லிவிட்டு மறுகரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டாள்.

கொஞ்ச தூரத்தில் நீர்நாய்கள் வந்தன. குடும்பமாக வந்தன. ஒன்று பெரிய கெண்டையைக் கவ்விக்கொண்டு கல்லில் ஏறி, தலையிலிருந்து கடித்துத் தின்றது. குட்டிகள் பங்கு கேட்டுக் கீச்சிட்டன.

"உங்களைத்தான் கேக்கறேன்" என்றார் நாச்சிமுத்து.

எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் திரும்பி அவரைப் பார்த்தன. மீசையும் ஈரமுமாக, பந்தியில் குறுக்கே வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தன. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதக்கணக்கில் அவர் சிரித்ததில்லை.

அதற்கும் அப்பால் மணல் திட்டில் முதலை ஒன்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தது.

அதைக் கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

வெயில் சாய்ந்தும் அனல் அடங்கவில்லை. முகத்தில் கொஞ்சம் தண்ணீர் அடித்துக்கொண்டால் தேவலை என்று தோன்றியது. பரிசல்காரி சொன்னது மறந்துபோயிற்று. இறங்கி நடந்தார்.

முதலில் கணுக்கால் புதைந்தது. அடுத்த காலை எடுத்து வைத்தார். அது முழங்கால்வரை போயிற்று. இழுத்துப் பார்த்தார். இழுக்க இழுக்க மற்ற கால் இறங்கியது. தொடைவரை சேறு பிடித்துக்கொண்டது.

கூப்பிட்டார். பரிசல் புள்ளியாகத் தெரிந்தது. குரல் அதுவரை போகவில்லை.

கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. எட்டிப் பிடித்தால் தண்ணீர், அவ்வளவு பக்கத்தில். ஆனால் எட்டவில்லை.

அப்போதுதான் மூங்கில் புதர் அசைந்தது.

யானைகள் வந்தன. ஓசையே இல்லை. முன்னால் ஒரு கிழட்டுப் பெண்யானை. காதோரம் கிழிந்து, நெற்றி குழிந்து, விலா எலும்பு தெரிந்தது. பின்னால் கூட்டம். நடுவே ஒரு குட்டி, தாயின் வாலைப் பிடிக்காத குறையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

பெண்யானை கரையில் நின்றது. துதிக்கையை உயர்த்திக் காற்றை முகர்ந்தது. அவரைக் கண்டுகொண்டது.

நாச்சிமுத்து மூச்சை அடக்கினார். ஓட முடியாது. ஒளிய முடியாது. தெய்வாத்தா, தெய்வாத்தா என்று மனம் அடித்துக்கொண்டது.

யானை காதை விரித்தது. அவரைப் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு காதைத் தளர்த்தியது.

அது நேராக இறங்கவில்லை. முன்னங்காலை வைத்து அழுத்திப் பார்த்தது. எடுத்தது. கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தது. துதிக்கையால் தட்டிப் பார்த்தது. இடம் பிடித்ததும் மெல்ல நடந்தது. அது வைத்த இடத்திலேயே மற்றவையும் கால் வைத்து வந்தன. நாச்சிமுத்துவுக்கு நாலு எட்டுப் பக்கத்தில் வரிசையாகக் கடந்து போயின. சருகும் சாணமும் வெயிலும் கலந்த வாசனை அடித்தது.

தண்ணீரில் துதிக்கைகள் இறங்கின.

குட்டிக்குத் துதிக்கையால் குடிக்கத் தெரியவில்லை. முட்டிபோட்டு வாயை வைத்து உறிஞ்சியது. வழுக்கியது. தாய் காலைக் கொடுத்து முட்டுக்கொடுத்தாள். அது மறுபடி வாயை வைத்தது.

அந்த உறிஞ்சும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

கேட்க வந்த கேள்வி நாச்சிமுத்துவின் நாக்கிலேயே இருந்தது. அவர் கேட்கவில்லை.

குடித்து முடித்துத் திரும்பின. வந்த வழியிலேயே போயின. குட்டி மட்டும் ஒருமுறை நின்று, சேற்றில் பாதியாக நிற்கும் இந்த மனிதரை வேடிக்கை பார்த்தது. தாய் தட்டியதும் ஓடியது.

அவை நடந்த இடம் தடமாகத் தெரிந்தது. அடியில் கல்லும் சரளையுமாக ஒரு திட்டு கரைவரைக்கும் போயிருக்க வேண்டும். மேலே கிடந்த சேறு யானைக்கால்கள் மிதித்து மிதித்து இறுகியிருந்தது. அவர் இறங்கும்போது அது அவர் கண்ணில் படவில்லை.

நாச்சிமுத்து தோளில் கிடந்த துண்டை முன்னால் விரித்தார். அதன்மேல் வயிறு படக் கவிழ்ந்து படுத்தார். கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினார். புழுவைப்போல் ஊர்ந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை யானைத் தடத்தைத் தொட்டது. அமுங்கவில்லை.

ஏறி, அதன்மேல் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

ஒரு காலடிக் குழியில் தண்ணீர் ஊறியிருந்தது. விரல்களை நனைத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

•

மடத்து வாசலில் வந்து நின்றபோது தலையிலிருந்து கால்வரை சேறு.

அம்மை குடத்திலிருந்து செம்பில் மொண்டு வந்தார். முதலில் குடிக்கக் கொடுத்தார். பிறகு முகம் கழுவ ஊற்றினார்.

"வந்தாங்களா?"

"வந்தாங்க."

"கேட்டீங்களா?"

"பரிசல்காரம்மாளைக் கேட்டனுங்க. நீர்நாயைக்கூடக் கேட்டேன். யானையக் கேக்கலீங்க."

"ஏன்?"

"குடிச்சிட்டு இருந்தாங்கம்மா."

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் அழுகை வந்துவிட்டது. தெய்வாத்தாளைத் தூக்கிய அன்றுகூட அவர் இப்படி அழுததில்லை.

அம்மை அழவிட்டார்.

அழுது முடித்து, துண்டைத் தேடினார். அது சேற்றிலேயே கிடந்துவிட்டது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா."

"எதுக்கு? பூட்டை உடைக்கவா?"

"இல்லீங்க. உடைக்க வர்றவங்க முன்னால நிக்கறதுக்கு."

சேறு காய்ந்த தலையில் அம்மை கையை வைத்தார்.

•

மறுநாள் மதகடியில் கூட்டம் கூடியது. கடப்பாரை, சம்மட்டி, டிராக்டர். முன்னால் செங்கோடன் நின்றான். நாச்சிமுத்துவின் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவனுடையது. வாய்க்கால் முடிகிற கடைசி நிலம். புதிதாக மஞ்சள் போட்டு, அத்தனையும் கருகிப்போய், கண் சிவந்து நின்றான்.

"மாமா வந்துட்டாரு. ஆரம்பிக்கலாமுங்க மாமா."

நாச்சிமுத்து மதகுக்கு முன்னால் போய்த் திரும்பி நின்றார்.

"வேண்டாம் செங்கோடா."

"என்னது?"

"இருக்கறது கொஞ்சத் தண்ணி. வாய்க்கால் பூராவும் காஞ்சு கிடக்குது. திறந்தா பாதி வழியிலேயே மண்ணு குடிச்சிரும். நம்ம கடைமடைக்கு ஒரு சொட்டு வராது. டவுன்ல சனம் குடத்தைத் தூக்கிட்டு நிக்கும். காட்டுல இருக்கறது அத்தனையும் செத்துப்போகும்."

"நேத்து வரைக்கும் நீங்கதானே உடைக்கலாம்னீங்க?"

"ஆமா. நாந்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

"யானைக்கு ஓட்டு இருக்குதுங்களா? சங்கத்துக்கு அது சந்தா கட்டுதா?"

சிலர் சிரித்தார்கள்.

"உங்க தென்னை காயாதா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"காயும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. காயும். எனக்கும் வலிக்கும். என்னைத் தள்ளிப்போட்டுட்டு உடைக்கறதுன்னா உடைங்க."

யாரும் நகரவில்லை. வெயில் ஏறியது. ஒவ்வொருவராகக் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். செங்கோடன் கடைசியாகப் போனான். போகிறபோது அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"இனி உங்களை மாமான்னு கூப்பிட மாட்டேன்."

•

தென்னையில் பாதி போயிற்று.

மண்டை ஒடிந்து, மட்டை தொங்கி, ஒவ்வொன்றாக நின்ற இடத்திலேயே செத்தன. நாச்சிமுத்து மடத்துக்கு வந்தார்.

"அம்மா, தெய்வாத்தா வெச்ச மரமெல்லாம் போயிருச்சுங்க."

அம்மை எழுந்து அவருடன் பஸ் ஏறி வந்தார். செத்த மரங்களுக்கு நடுவே சாயங்காலம்வரை அவருடன் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, உயிரோடு இருந்த ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

டீக்கடையில் நாச்சிமுத்துவுக்கு யாரும் இடம் விடவில்லை. அவர் நின்றே குடித்துவிட்டு வந்தார்.

ஒருநாள் மதியம் மலை தெரியவில்லை. கரும்புகைபோல மேகம் மூடிக்கிடந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். யாரும் பேசவில்லை, பேசினால் கலைந்துவிடும் என்பதுபோல.

மலைமேல் மழை பிடித்தது. விடாமல் பிடித்தது. மூங்கிலாறு மரங்களையும் கற்களையும் புரட்டிக்கொண்டு இறங்கியது. வெடித்த பாளங்கள் மூடின. மணல் திட்டு மூடியது. நீர்த்தேக்கம் தன் பழைய கரையைத் தொட்டது.

பாசனத்துக்கு அணையைத் திறக்க நாள் குறித்தார்கள்.

•

திறப்பு விழாவுக்கு நாச்சிமுத்து போகவில்லை. தன் தோட்டத்து வாய்க்காலில் மண்வெட்டியோடு இறங்கி, முளைத்த புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். மேலே திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்துசேர நாளாகும். அவருக்கு வேறு வேலையும் இல்லை.

முதலில் பறவைகள் வந்தன. கொக்குகளும் மைனாக்களும் வாய்க்கால் கரையோடு தத்தித் தத்தி வந்தன. தண்ணீருக்குப் பயந்து வளையை விட்டு ஓடிவரும் பூச்சிகளைக் கொத்திக்கொண்டே வந்தன.

பிறகு தண்ணீர் வந்தது.

சருகும் நுரையும் எறும்புமாக, ஒரு நாக்குப்போல மண்ணை நக்கிக்கொண்டு வந்தது. வெடிப்பு கண்ட இடத்தில் நின்று, அதை நிரப்பி, மறுபடி நகர்ந்தது.

அதன் பக்கத்திலேயே அம்மை நடந்து வந்தார். மதகிலிருந்து தண்ணீரோடு கிளம்பியவர். அது இளைப்பாறிய இடத்தில் இளைப்பாறி, யார் வீட்டிலோ சாப்பிட்டு, அதனோடு எழுந்து நடந்து, அதனோடு வந்து சேர்ந்திருந்தார். பாதம் வெடித்திருந்தது. முகம் மலர்ந்திருந்தது.

"வழியெல்லாம் சனம் நின்னு கும்பிடுதுங்கண்ணா. ஒரு ஊர்ல நாத்தங்காலுக்கு விதை ஊற வெச்சுட்டாங்க. ஒரு ஊர்ல குழந்தைகளைத் தூக்கிட்டு வந்து கால் நனைச்சுட்டுப் போனாங்க. ஒரு பாலத்தடியில எருமை முதல்ல இறங்கிருச்சு."

நாச்சிமுத்து மண்வெட்டியைக் கரையில் போட்டார். தன் தோட்டத்தைத் தாண்டி வாய்க்கால் குறுகிச் செல்லும் இடத்தில் இறங்கி நின்றார். தண்ணீர் வந்து அவர் கால்களைத் தொட்டது. குளிர்ந்திருந்தது. மலையின் மண் வாசனை அதில் இருந்தது.

"மாமா, தண்ணி வந்துருச்சுங்களா?"

வேலிக்கு அந்தப் பக்கம் செங்கோடன். கூப்பிட்டபின்தான் என்ன கூப்பிட்டோம் என்று அவனுக்கே தெரிந்ததுபோல், தலையைக் குனிந்துகொண்டான்.

"வந்துருச்சு கண்ணு. வந்துருச்சு."

நாச்சிமுத்து தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளினார். அது விரலிடுக்கில் ஒழுகியது. மறுபடி அள்ளினார். கண்ணீர் தாடையில் இறங்கியது.

"அம்மா, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நெஞ்சு நெறைஞ்சு கிடக்குது, இதை எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு தெரியலீங்க. யாருக்கு நான் நன்றி சொல்றது? மழைக்குங்களா? மலைக்கா? அணையக் கட்டினவங்களுக்கா, அதுக்காக ஊரை விட்டுப் போனவங்களுக்கா? எனக்கு வழி காட்டுன அந்த சீவனுக்கா? இல்ல தெய்வாத்தாளுக்கா? யாருக்குன்னு சொல்லுங்கம்மா, அவங்க கால்ல விழுந்தர்றேன்."

அம்மை குனிந்து அவர் நின்ற இடத்தைப் பார்த்தார்.

குறுகிய வாய்க்காலில் அவருடைய இரண்டு கால்களும் அகன்று ஊன்றியிருந்தன. அவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, சுழித்து, கரையேறப் பார்த்தது. அவருக்கு முன்னால் செங்கோடன் தோட்டத்துப் பக்கம் வாய்க்கால் இன்னும் காய்ந்து கிடந்தது.

"அண்ணா" என்றார் அம்மை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."